கணிப்பொறிக் குறிமுறையிற் புள்ளியெழுத்தின் இடம்

தமிழ் நெடுங்கணக்கின் எழுத்துகள் 247 என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என அவை கூடி நிற்கும். ஆயின், இன்று உலகெங்கும் கணிப்பொறிகள் தமிழைப் பதிந்து வைக்கும் குறிமுறையில் 18 மெய்களுள் ஒன்றேனும் தனியிடம் பெறவில்லை. உயிர்மெய்களுள்ளும் அகரமேறிய 18 மட்டுமே இடம் பெற்றுள்ளன. ‘க்’ என்னும் எழுத்தைப் பதிய வேண்டின், ககரத்திற்குரிய எண்ணையும் புள்ளிக்குரிய எண்ணையும் அடுத்தடுத்து வைத்தல் வேண்டும். இலக்கணம் தனி எழுத்தெனக் கொண்ட மெய், கணிப்பொறியில் இரண்டன் கூட்டாக நிற்கிறது; இலக்கணம் மெய்யும் உயிரும் கூடியதெனக் கொண்ட ‘க’, அங்கே பிளவுபடாத ஒன்றாக நிற்கிறது. இவ்வமைப்பு எவ்வாறு வந்தது, இதனால் தமிழாராய்ச்சிக்கு விளைவது யாது என்னும் இரண்டையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணிப்பொறி எழுத்தை எழுத்தாக அறிவதில்லை, எண்ணாகவே அறியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என வகுத்துக் கொள்ளும் உடன்பாடே குறிமுறை. கணிப்பொறி தோன்றுவதற்கு முன்னரே தந்தித் துறையில் இவ்வகை உடன்பாடுகள் இருந்தன. ஐந்து கூறு கொண்ட தொலையச்சுக் குறிமுறையில் 32 சேர்க்கைகளே அமையும். 1963-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி என்னும் குறிமுறை ஏழு பிட் கொண்டது. அதனுள் 128 இடங்கள் இருந்தன. ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி ஆகியவற்றுக்கு அவை போதும். பின்னர் எட்டுப் பிட் வழக்கிற்கு வந்தபோது இடங்கள் 256 ஆயின. முற்பாதி ஆஸ்கிக்குரியதாகவே நின்றமையின், பிற மொழிகளுக்கு எஞ்சியவை 128. தமிழின் 247 எழுத்தும் அவற்றோடு வழங்கும் கிரந்த எழுத்துகளும் 128 இடங்களுள் அடங்கா. பின்னர் எழுந்த பூசல்களிற் பெரும்பகுதி இவ்விட நெருக்கடியிலிருந்தே தொடங்கியது எனலாம்.

இந்நெருக்கடி தமிழுக்கு முற்றிலும் புதியதன்று. தட்டச்சுப் பொறி வந்த காலத்தும் இதுவே நேர்ந்தது. யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா, தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்தபோது, சில குறிகளை அடித்தாலும் தாள் நகராதபடி விசைகளை அமைத்து இடத்தைச் சுருக்கினார். புள்ளி அவ்வாறு எழுத்தினின்றும் பிரிந்து தனி விசையிற் சென்று அமர்ந்தது. பெரியார் ஈ.வெ.ரா. 1935-இல் தம் இதழில் நடைமுறைப்படுத்தி, 1978-இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம், ணா, றா, னா, லை முதலாக 13 வடிவங்களைப் பொதுமுறைக்குள் கொண்டுவந்து சுமையை ஓரளவு குறைத்தது. எனினும் உகர ஊகார உயிர்மெய்கள் வரிசைதோறும் வேறுபட்ட வடிவின வாதலின் நெருக்கடி தீர்ந்திலது.

கணிப்பொறியில் தமிழை முதலில் ஏற்றியவருட் பலர் தாய்நாட்டிற்கு வெளியே வாழ்ந்தவர் என்பது நோக்கற்பாலது. 1980-களில் கனடாவில் சீனிவாசன் ஆக்கிய ‘ஆதமி’யும், மலேசியாவில் முத்து நெடுமாறன் ஆக்கிய ‘முரசு’ம், 1990-களில் சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரம் ஆக்கிய ‘மயிலை’ எழுத்துருவும் குறிப்பிடத்தக்கன. தொலைவில் வாழ்ந்தோர்க்குத் தாய்மொழியிற் கடிதம் எழுதும் வேட்கை மிகுந்திருந்தது போலும். ஆயின் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனக் குறிமுறை வகுத்துக்கொண்டது. ஓர் எழுத்துருவிற் பதிந்ததை மற்றோர் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முயற்சியிற் கூடிய மாநாடும், 1999 பிப்பிரவரியிற் சென்னையிற் கூடிய ‘தமிழ்நெட் 99’ மாநாடும் இக்குழப்பத்தைத் தீர்க்கவே கூடின. இணையவழி உரையாடலில் ‘திஸ்கி’ என்னும் குறிமுறை உருவாயிற்று. சென்னை மாநாட்டின் வழி ‘தாம்’, ‘தாப்’ என்னும் இரண்டு குறிமுறைகளைத் தமிழக அரசு ஏற்றது. 2000-இல் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது.

இக்குறிமுறைகளிற் புள்ளி பெற்ற மெய்களுக்குத் தனியிடம் இருந்தது. அது கண்டு, இவற்றை வகுத்தோர் இலக்கணத்தைப் பின்பற்றினர் என்று கொள்ளல் ஆகாது. அவர் பார்த்தது வடிவம். அச்சுக்கோப்பவர் எந்த அச்சுகளைக் கையில் எடுப்பாரோ அவற்றுக்கே எண் கொடுத்தனர். அதனாலேயே ‘கெ’ என்பதில் ஒற்றைக் கொம்பு முன்னும் ககரம் பின்னுமாகப் பதிவாயின. கண்ணுக்குத் தோன்றும் வரிசையே அங்கு முறை, ஒலியின் வரிசையன்று.

இதற்கிடையே இந்திய நடுவண் அரசின் துறைகளில் வேறொரு முயற்சி நடந்துவந்தது. பிராமியின் வழித்தோன்றிய எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டகம் அமைத்தால், எண்ணை மாற்றாமல் எழுத்துருவை மட்டும் மாற்றி ஒரு மொழியின் எழுத்திலிருந்து மற்றொன்றிற்குச் செல்லலாம் என்பது அதன் கருத்து. அக்கருத்தின் பயன் இஸ்கி என்னும் குறிமுறை. 1988-இல் ஒரு வடிவமும், 1991-இல் இந்தியத் தரமாக மற்றொரு வடிவமும் வெளிவந்தன. பல மொழி வழங்கும் நாட்டில் இஃது அறிவுடைய எண்ணமே. ஆயின் சட்டகத்தின் அளவுகோல் தேவநாகரியாக இருந்தது.

1991-இல் வெளிவந்த யூனிகோடு, 1988-ஆம் ஆண்டின் இஸ்கி வடிவத்தை அடிப்படையாகக் கொண்டே இந்திய எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கியது. மொழிகளைத் தனித்தனிப் பகுதியில் வைத்தாலும், பகுதிக்குள் அமையும் ஒப்பிடம் மாறவில்லை. தமிழுக்குக் கிடைத்தவை 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்கள். அவற்றுள் ககரத்தின் எண் 2965. ஙகரத்தின் எண் 2969. இடையிலுள்ள மூன்று இடங்கள் வெற்றிடங்கள். தேவநாகரியில் அங்கு நிற்கும் மூன்று எழுத்துகள் தமிழில் இல்லை. வீடு மாறியும் பழைய வீட்டின் அறைக்கணக்கு மாறவில்லை. பெயர்களும் அவ்வாறே. 3021-ஆம் இடத்திலுள்ள புள்ளிக்கு ‘விராமம்’ என்று பெயர். 2947-ஆம் இடத்திலுள்ள ஆய்தத்திற்கு ‘விசர்க்கம்’ என்று பெயர். தொல்காப்பியர் சார்பெழுத்தாக வைத்து எண்ணிய ஆய்தம் வடமொழி விசர்க்கமன்று என்பதை ஈண்டு விரித்துரைக்க வேண்டுவதில்லை. யூனிகோடு பண்பட்டியலும் ஆய்தத்தை எழுத்தென்றே கொள்கிறது. பெயர் மட்டும் பிழைபட நிற்கிறது. ஒருமுறை இட்ட பெயரையும் இடத்தையும் மாற்றுவதில்லை என்பது அவ்வமைப்பின் உறுதிமொழி. பழைய ஆவணங்கள் பிழையாதிருத்தற்கு அவ்வுறுதி இன்றியமையாதது. ஆதலின் பிழையும் நிலைபெற்றுவிட்டது.

இங்குத்தான் தமிழறிஞர் பலர் குறை கூறினர். மெய்யே அடிப்படை, அதன்மேல் உயிர் ஏறும், அவ்வாறிருக்க அகரமேறிய வடிவத்தை அடிப்படையாக்கி, மெய்யை அதிலிருந்து அகரம் நீக்கிப் பெறுவது தமிழிலக்கணத்தைத் தலைகீழாக்குவதாகும் என்பது அவர் வாதம். வாதம் வலியுடையதே. எனினும் தொல்காப்பியத்தை நோக்கின் செய்தி அவ்வளவு எளிதாக முடிவதில்லை. நூன்மரபில் தொல்காப்பியர், மெய்யின் இயல்பு புள்ளியொடு நிற்றல் என்று ஓரிடத்திற் கூறி, புள்ளியில்லாத மெய் தன் உருவம் திரியாமலே அகரத்தொடு கூடி ஒலிக்கும் என்றும், ஏனை உயிர்களொடு கூடுங்கால் உருவம் திரியும் என்றும் அடுத்துக் கூறுகிறார். மொழிமரபில் மெய்கள் இயங்குவது அகரத்தொடு பொருந்தி என்கிறார். ஒலியை நோக்கும்போது மெய் முதல். வரிவடிவத்தை நோக்கும்போது புள்ளியற்ற உருவம் முதல். இவ்விரண்டும் வேறு வேறு என்பதை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார். ஆகவே யூனிகோடு தொல்காப்பியத்திற்கு மாறுபட்டது என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறுதல் பொருந்தாது. வரிவடிவம் பற்றிய அவர் விதிக்கு அஃது ஒத்துள்ளது; ஒலி பற்றிய விதிக்கு ஒத்திலது.

இவ்விரு நிலைக்கும் இடையிலான இழுபறி பழமையானது. ஐராவதம் மகாதேவன் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளை ஆராய்ந்து மூன்று நிலைகளைக் காட்டினார். முதல் நிலையிற் குறியேதும் பெறாத உருவம் தனிமெய்யைக் குறித்தது. அகரமும் ஆகாரமும் ஒரே கோட்டினாற் காட்டப்பட்டன. இரண்டாம் நிலையிற் குறியற்ற உருவம் மெய்யாகவும் இருக்கலாம், அகர உயிர்மெய்யாகவும் இருக்கலாம்; படிப்போர் இடம் நோக்கி உணர்ந்தனர். மூன்றாம் நிலையில் புள்ளி தோன்றி ஐயம் நீக்கிற்று. பின்னர் ஓலையில் எழுதுவோர் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். ஐயம் மீண்டும் வந்தது. எகர ஒகரங்களிலும் புள்ளி வழக்கொழிந்த நிலையிலேயே வீரமாமுனிவரின் திருத்தம் வேண்டியதாயிற்று. பழைய முதல்நிலை நிலைத்திருந்தால், கணிப்பொறியில் மெய்க்கே இடம் கிடைத்திருக்கும் என்று கருதுவது வீண் கற்பனையாயினும், ஒருகால் நினைந்து பார்க்கத் தோன்றுகிறது.

யூனிகோடு முழுதும் வடிவத்தைச் சார்ந்தது என்றும் கூற இயலாது. ‘கெ’ என்பதில் ககரம் முன்னும் எகரக்குறி பின்னுமாகவே அது பதியும். கொம்பை இடப்பக்கத்திற் காட்டுவது திரையில் எழுத்தை வரையும் மென்பொருளின் வேலை. ஆகவே உயிர்க்குறிகளில் ஒலிமுறையையும், அகரத்திலும் புள்ளியிலும் வடிவமுறையையும் பின்பற்றிய கலப்பு அமைப்பு இது. சில சொற்களை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். ‘மரம்’ என்பதில் ஒலிகள் ஐந்து: ம், அ, ர், அ, ம். குறிமுறையில் அது ம, ர, ம, புள்ளி என நான்கு எண்களாகிறது. ‘அம்மா’ என்பதில் ஒலிகள் நான்கு: அ, ம், ம், ஆ. குறிமுறையில் அது ஐந்து எண்களாகிறது. ‘தமிழ்’ என்பதிலோ ஒலியும் ஐந்து, எண்ணும் ஐந்து. ஒப்புமை தற்செயலானது, தகரத்திற் குறைந்த ஒன்று ழகர மெய்யில் மிகுந்துவிட்டது.

யாப்பு நோக்கில் இவ்வமைப்பு இடர் செய்வதில்லை. கட்டளைக் கலித்துறையில் ஒற்று நீக்கி எழுத்தெண்ணுங்கால், நேரசை முதலாயின் அடிக்கு 16, நிரையசை முதலாயின் 17 எனக் கொள்வர். குறிமுறையில் உயிரையும், புள்ளி பின்வராத உயிர்மெய்யையும் எண்ணினாற் போதும், கணக்கு வந்துவிடும். புணர்ச்சியிலோ நிலைமை வேறு. ‘நூல்’ என்பதனோடு ‘அகம்’ சேர்ந்தால் ‘நூலகம்’. மெய்யீற்றின்மேல் உயிர் வந்து கூடுதல் இயல்பு என்பது நன்னூலார் கொள்கை. ஒன்றும் கெடவில்லை, ஒன்றும் தோன்றவில்லை. குறிமுறையிலோ நிலைமொழியின் புள்ளியும் வருமொழியின் அகரமும் ஆகிய இரண்டு எண்கள் மறைந்துபோகின்றன. இலக்கணத்தில் இயல்பாக நிற்பது எண்ணிற் கெடுதலாகத் தோன்றுகிறது.

மாற்று முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனியெண் கொடுத்து, மெய்யை வரிசையாகவும் உயிரை நிரலாகவும் வைத்து, கூட்டியும் கழித்தும் மெய்யையும் உயிரையும் பிரிக்குமாறு அமைத்த ‘டேஸ் 16’ என்னும் பதினாறு பிட் குறிமுறையைத் தமிழக அரசு 2010 சூனில், கோவையிற் செம்மொழி மாநாடு நடந்த நாட்களில், யூனிகோட்டோடு மாற்றுத் தரமாக அறிவித்தது. அமைப்பு அழகியது. ஆயின் உலகப் பொதுக் குறிமுறையில் யாரும் தம் விருப்பப்படி பயன்படுத்தலாம் என ஒதுக்கிய தனிப்பகுதியிலேயே அது நின்றமையின், அனுப்புவோரும் பெறுவோரும் உடன்பட்டாலன்றிப் பயன்படாது. மறுபுறம், 2008-இல் வெளிவந்த யூனிகோடு 5.1 பதிப்பு, தமிழின் மெய்களையும் உயிர்மெய்களையும் எண்தொடர்களாகக் கொண்டு அவற்றுக்குப் பெயர் வழங்கியது. ‘க்’ இவ்வாறு இடம் பெறாவிடினும் பெயர் பெற்றது. விசைப்பலகையில் இன்னும் நல்ல தீர்வு கிடைத்தது. 1999-இல் ஏற்கப்பட்ட ‘தமிழ் 99’ விசைப்பலகையில் உயிர்கள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் அமைந்தன. ஒரே மெய்யை இருமுறை அழுத்தினாலும், ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்னும் இணைகளை அழுத்தினாலும் முன்னது தானே புள்ளி பெறும். மெய்ம்மயக்க விதி விரல் நுனியிற் பயன்பட்டது இங்கேதான்.

இடச் செலவு பற்றி ஒருவரி கூறிச் செல்லலாம். 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யு.டி.எஃப்.-8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட்டிலும் தமிழ்க் குறி மூன்று பைட்டிலும் அடங்கும். ‘தமிழ்’ என்னும் சொல்லுக்கு 15 பைட்டு. கைப்பேசிக் குறுஞ்செய்தியில் ஆங்கிலத்திற்கு 160 எழுத்து இருந்த இடத்தில் பதினாறு பிட் குறிகள் 70 மட்டுமே அமைந்தன. நினைவகம் மலிந்த பின்னர் இக்குறை பெரிதாகத் தோன்றவில்லை.

அகரவரிசையிற் குறை தோன்றியது. எண்ணின்படி வரிசைப்படுத்தினால் ந, ன, ப என்றும், ர, ற, ல, ள, ழ, வ என்றும் எழுத்துகள் நிற்கும். தமிழகராதி அவ்வாறு நிற்பதில்லை. னகரம் ஈற்றில் நிற்கும், ழகரம் ளகரத்திற்கு முன் நிற்கும். மேலும் 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் ககர மெய் ககரத்திற்கு முன் வரும். எண்முறையிற் புள்ளி உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின் வரும். எனவே வரிசைப்படுத்துதற்குத் தனி விதித்தொகுதி வேண்டும். அது வகுக்கப்பட்டுள்ளது, ஆயினும் அதனைப் பயன்படுத்தாத மென்பொருள்களும் பல உள. ஆய்வேடுகளின் சொல்லடைவில் ‘மன்’ என்பது ‘மப்பு’க்கு முன் நிற்கக் கண்டால், காரணம் இதுவென அறியலாம்.

வரிசை பிறழ்ந்தால் கண்டவுடன் தெரியும். தேடல் பிறழ்ந்தால் தெரியாது. இதுவே ஆராய்ச்சிக்கு நேரும் பெரிய இடர். ‘தமிழ்’ என்னும் சொல்லைச் சங்க நூல்களில் தேடப் புகும் மாணவர், த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என்னும் தொடரைத் தேடுகிறார். புறநானூற்று 168-ஆம் பாட்டில் வரும் ‘தமிழகம்’ அவருக்குக் கிடைப்பதில்லை. அங்கு ழகரத்தின் பின் புள்ளியில்லை. 35-ஆம் பாட்டில் ‘தண்டமிழ்’ எனச் சேர்த்து அச்சிட்ட பதிப்பு கணிப்பொறியில் ஏறியிருந்தால் அதுவும் கிடைப்பதில்லை. சந்தி பிரித்த மர்ரே எஸ். ராஜம் பதிப்பு ஏறியிருந்தால் கிடைக்கும். ‘யாழ்’ எனத் தேடுவோர் ‘யாழின்’, ‘யாழொடு’ என்பவற்றை இழப்பர். ‘நூல்’ எனத் தேடுவோர் ‘நூலை’ இழப்பர். இடரறிந்து புள்ளியை நீக்கித் தேடினாலோ வேண்டாதனவும் உடன் வரும். ‘கண’ எனத் தேடின் கணமும் கண்ணும் கணையும் ஒருங்கே வந்து நிற்கும்.

நூல்களின் கால ஆராய்ச்சியில் சொல்லின் இன்மை பெரிய சான்றாக எடுத்தாளப்பட்டு வந்துள்ளது. இன்ன சொல் சங்க நூல்களிற் பயிலவில்லை, ஆதலின் அச்சொல்லை ஆளும் நூல் பிற்பட்டது என்னும் வாதமுறையை வையாபுரிப்பிள்ளை விரிவாகக் கையாண்டார். அவர் முடிவுகளை மறுத்தோரும் பலர் அம்முறையையே எதிர்முகமாகக் கையாண்டனர். அவர்கள் இன்மையை நிறுவியது ஏடுகளையும் பதிப்புகளையும் கண்ணாற் படித்து. 1962-இல் வ.ஐ. சுப்பிரமணியம் வெளியிட்ட புறநானூற்றுச் சொல்லடைவும் அவ்வகை உழைப்பின் பயனே. இன்று ஒரு நொடியில் ‘இல்லை’ என்னும் விடை திரையிற் கிடைக்கிறது. அவ்வில்லை நூலில் இல்லை என்பதா, அவ்வெண் தொடர் இல்லை என்பதா என்பது திரையில் தெரிவதில்லை.

தாமஸ் லேமனும் தாமஸ் மால்டனும் சங்க இலக்கியச் சொல்லடைவைக் கணிப்பொறியின் துணையால் தொகுத்து 1990-களின் தொடக்கத்தில் வெளியிட்டபோது உரோமன் எழுத்தையே பயன்படுத்தினர். அக்காலத்தில் வேறு வழி அரிது. ஆயின் அதில் ஒரு நன்மையும் இருந்தது. உரோமன் எழுத்துப்பெயர்ப்பில் மெய்யும் உயிரும் தனித்தனி நிற்பதால், சொல்லின் அடி உயிர்முதற் சொல்லொடு புணரினும் சிதைவதில்லை. தமிழ் ஒலியியலைத் தமிழெழுத்துக் குறிமுறையை விட அயலெழுத்து நன்கு காட்டிற்று என்பது சற்றே வருத்தம் தருவதுதான்.

தமிழெழுத்திலேயே இதனைச் செய்ய இயலாதோ எனின், இயலும். மூலத்தை மாற்ற வேண்டுவதில்லை. தேடுமுன் மூலத்தையும் தேடுசொல்லையும் ஒலித்தொடராகப் பெயர்த்துக்கொள்ளல் வேண்டும். மெய்யுருவின் பின் புள்ளி வரின் தனிமெய் எனவும், உயிர்க்குறி வரின் மெய்யும் அவ்வுயிரும் எனவும், இரண்டும் வாராவிடின் மெய்யும் அகரமும் எனவும் கொள்ளும் மூன்று விதிகளே போதும். தொல்காப்பியர் வரிவடிவம் பற்றிக் கூறியதைத் திருப்பி எழுதினால் கிடைப்பன இவை. அவ்வாறு பெயர்த்தபின் ‘தமிழ்’ என்பது ‘தமிழகம்’ என்பதனுள் தானே கிடைக்கும். இதற்கு முன்னர்ச் செய்ய வேண்டிய துப்புரவும் ஒன்றுண்டு. ‘ஔவை’ என்னும் பெயர் இணைய மூலங்கள் பலவற்றில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்து வைத்து எழுதப்பட்டுள்ளது. கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது, எண்ணில் வேறு. பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறிக்கும் ளகரத்திற்கும் வடிவம் ஒன்றாக இருந்ததன் எச்சம் இது. ஒகரக்குறியும் ஒரே எண்ணாகவும், கொம்பும் காலுமாகிய இரண்டு எண்களாகவும் பதிவாகக்கூடும். ஸ்ரீ என்பதும் இருவகையாகப் பதியப்படுகிறது. இவற்றை ஒருமைப்படுத்தாமல் தேடிப் பெற்ற எண்ணிக்கையை ஆய்வேட்டில் அட்டவணையாகக் காட்டுவோர், எப்பதிப்பின் மூலம், எவ்வகைத் தேடல் என்பதையும் உடன் குறித்தல் நன்று.

இவ்வளவும் செய்தபின்னரும் ‘நாடு’ எனத் தேடினால் ‘நாட்டில்’ கிடைக்காது. டகரம் இரட்டித்ததும் உகரம் மெய்விட்டு ஓடியதும் மொழியில் நிகழ்ந்தவை. அங்குக் குறிமுறையைக் குறை கூறுதல் பொருந்தாது. அது குற்றியலுகரப் புணரியலின் பாற்பட்டது.